நாளைக்கு முப்பது ஆட்டம் விளையாடியும் ரேட்டிங் ஏன் ஏறுவதில்லை?



கொஞ்சம் நீளமான பதிவு. போனில் செஸ் விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளைகளிடமும் வாசிக்கக் கொடுங்கள். அவர்களுக்காகத்தான் பாதிக்கு மேல் எழுதியிருக்கிறேன்.

கொரோனா ஊரடங்கு காலத்தில் உலகம் முழுக்க ஒன்லைன் செஸ் பெருகியது. நமதூருக்கும் அது அப்போதுதான் வந்து சேர்ந்தது. ஊரடங்கு போய்விட்டது, செஸ் போகவில்லை. முன்பு கரம் போர்டைச் சுற்றி நின்ற பிள்ளைகள் இப்போது டியூஷன் வாசலில் சுவரில் சாய்ந்துகொண்டு போனில் செஸ் விளையாடுகிறார்கள். வாகனம் ஓட்டும் தம்பிமார் ஹயர் இல்லாத நேரத்தில் ஒரு ஆட்டம் போடுகிறார்கள். என் வகுப்பிலேயே விளையாடாத பிள்ளைகளை எண்ணுவது இலகு.

இதில் எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் முறைப்பாடு வருகிறது. உம்மாமார் சொல்வது: "சேர், எந்நேரமும் போனோடதான். கேட்டா செஸ் என்கிறான்." பிள்ளைகள் சொல்வது: "சேர், எவ்வளவு விளையாடினாலும் ரேட்டிங் ஏறுதில்ல." இந்த இரண்டும் ஒரே பிரச்சினை என்பது என் கருத்து. முன்னேற்றம் தெரியாததால் பிள்ளை இன்னும் விளையாடுகிறது. இன்னும் விளையாடுவதால் முன்னேற்றம் வரவில்லை.

ஒரு விடயம் முன்கூட்டியே. செஸ் ஆகுமா ஆகாதா என்ற விவாதத்தைக் கொமண்டில் தொடங்க வேண்டாம். மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உள்ள விடயம், உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பந்தயம் கட்டுவதும் தொழுகையைத் தவறவிடுவதும் கூடாது என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. நான் எழுதுவது அந்த எல்லைக்குள் விளையாடுகிறவர்களுக்கு.

இனி விடயத்துக்கு வருவோம். நமது பிள்ளைகள் பெரும்பாலும் விளையாடுவது 3 நிமிட ஆட்டம். ஒரு ஆட்டம் 40 நகர்வு போகிறது என்று வைத்துக்கொண்டால், 180 செக்கனை 40ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நகர்வுக்கு நாலரைச் செக்கன். அந்த நேரத்துக்குள் யாரும் புதிதாக எதையும் யோசிப்பதில்லை. கை தனக்குப் பழகியதைச் செய்கிறது. ஆகவே வேக ஆட்டத்தில் விளையாடுவது உங்கள் அறிவைவிட உங்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தில் ஒரு பிழை இருந்தால், நாளைக்கு முப்பது ஆட்டத்தில் அந்தப் பிழைக்கு முப்பது தடவை பயிற்சி கொடுக்கிறீர்கள். "ள"வையும் "ழ"வையும் மாற்றி எழுதும் பிள்ளைக்கு நூறு பக்கம் எழுதக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். நூறு பக்கமும் பிழையாகவே வரும், எழுத்து மட்டும் கொஞ்சம் வேகமாகும்.

ரேட்டிங் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பிள்ளைகள் விளங்கிக்கொள்வதில்லை. இந்தத் தளங்கள் உங்கள் ரேட்டிங்குக்குக் கிட்டத்தட்டச் சமமான ஆளோடுதான் உங்களைக் கோர்த்துவிடும். நீங்கள் ஏறினால் எதிரியும் ஏறுவார். எனவே நீங்கள் எந்த நிலையில் இருந்தாலும் ஏறக்குறையப் பாதி ஆட்டம் தோற்பீர்கள். அது அந்த முறையின் அமைப்பு, உங்கள் தலைவிதி அல்ல. இன்னொன்று, லிசெஸ் தளத்தில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் 1500இல் தொடங்கும். செஸ்.கொம் தளத்தில் அப்படியல்ல, அங்கே கணக்கு வேறு. ஆகவே "நான் 1600, அவன் 1100தானே" என்று இரண்டு தளத்து எண்களை ஒப்பிட்டுக் கடைத்தெருவில் பெருமை பேசுவதில் அர்த்தமே இல்லை. போன மாதத்து உங்கள் எண்ணோடு இந்த மாதத்து எண்ணை அதே தளத்தில் ஒப்பிடுங்கள். அது போதும்.

அப்படியென்றால் ஏறுவது எப்படி? என்னிடம் கேட்கும் பிள்ளைகள் எல்லோரிடமும் நான் ஒரே வேலையைத்தான் கொடுக்கிறேன். கடைசியாகத் தோற்ற இருபது ஆட்டங்களைத் திற. ஒவ்வொன்றையும் நீயே பார். எந்த நகர்வில் ஆட்டம் கையை விட்டுப் போனது, அப்போது உன் கடிகாரத்தில் எவ்வளவு நேரம் இருந்தது, எதனால் போனது. மூன்றையும் கொப்பியில் ஒரு வரியில் எழுது. வென்ற ஆட்டம் வேண்டாம்.

கொம்பியூட்டரிடம் முதலில் கேட்கக் கூடாது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. லிசெஸில் ஆட்டம் முடிந்ததும் இன்ஜின் பகுப்பாய்வு முற்றிலும் இலவசம். எங்கே பிழை, எங்கே பெரிய பிழை என்று அடையாளம் போட்டுக் காட்டும். பிழைகளிலிருந்து கற்பதற்கென்றே ஒரு பொத்தானும் உண்டு. அருமையான வசதி. ஆனால் அது சொல்வது "இந்த நகர்வு பிழை, சரியானது இது" என்பதை மட்டும்தான். நீ ஏன் அந்தப் பிழையான நகர்வை வைத்தாய் என்பது அதற்குத் தெரியாது. அவசரமா, எதிரியின் மந்திரியைக் காணவில்லையா, கோபமா, உம்மா கூப்பிட்டாவா? அது உனக்கு மட்டும்தான் தெரியும். முதலில் உன் பதிலை எழுது, பிறகு இன்ஜினைப் பார்.

தரம் 10இல் படிக்கும் ஒரு மாணவன். கெட்டிக்காரன். ரேட்டிங் ஒரு வருடமாக அசையவில்லை. "எனக்கு ஓப்பனிங் சரியில்ல சேர், ஒரு கோர்ஸ் வாங்கணும்" என்று வந்தான். வாப்பாவிடம் காசும் கேட்டு வைத்திருந்தான். கோர்ஸ் பிறகு வாங்கலாம், இருபது தோல்வியை எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினேன். நாலு நாளில் எழுதிக்கொண்டு வந்தான். ஓப்பனிங்கில் தோற்றது இரண்டு ஆட்டம். நேரம் முடிந்து தோற்றது ஒன்பது, அதிலும் பெரும்பாலானவற்றில் அவன் கையில் காய் கூட. பாதுகாப்பில்லாமல் சும்மா நின்ற காயைப் பறிகொடுத்தது ஆறு. மீதி மூன்றும் விரல் தவறித் தப்பான கட்டத்தில் வைத்தது. அவன் காசு கட்டி வாங்கப் போன மருந்து அந்த இரண்டு ஆட்டத்துக்கு மட்டும்தான்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றாக வராது. அதனால்தான் யூடியூபில் "1500ஐத் தாண்ட ஐந்து வழிகள்" என்று வரும் வீடியோக்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவர் சொல்லும் ஐந்தில் உங்களுடைய நோய் இருக்கிறதா என்பது உங்கள் இருபது ஆட்டத்தைப் பார்க்காமல் அவருக்கு எப்படித் தெரியும்?

மிகயீல் பொட்வின்னிக் என்ற சோவியத் வீரர் 1948இல் உலக சம்பியன் ஆனார். தன் ஆட்டங்களைத் தானே ஈவிரக்கமில்லாமல் அலசுவதில் பேர் பெற்றவர். 1960இல் இளைஞரான மிகயீல் தாலிடம் பட்டத்தை இழந்தார். அடுத்த வருடம், 49 வயதில், அதே தாலிடமிருந்து திருப்பி எடுத்தார். சிகரெட் புகை அவருக்கு ஆகாது. அந்தக் காலத்தில் போட்டி மண்டபத்திலேயே புகைப்பார்கள். என்ன செய்தார் தெரியுமா? பயிற்சி ஆட்டத்தில் நண்பர் ரகோசினைப் புகைக்கச் சொல்லி, அந்தப் புகைக்குள் இருந்தே விளையாடிப் பழகினார். தன் பலவீனம் எது என்று தெரிந்து, அதை மட்டும் எடுத்து வைத்து வேலை செய்திருக்கிறார். நமது பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அவ்வளவுதான். புகையை விட்டுவிடுங்கள்.

நேரம் முடிந்து தோற்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமதூரில் அதுதான் பெரும் நோய். "நான் ஸ்லோ சேர்" என்பார்கள். அந்த தரம் 10 மாணவனும் அப்படித்தான் சொன்னான். லிசெஸில் ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்த நேரத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று இருக்கிறது. திறந்து பார்த்தோம். அவன் ஸ்லோ இல்லை. எல்லா நகர்வையும் இரண்டு, மூன்று செக்கனில் வைக்கிறான். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் பன்னிரண்டாவது, பதினைந்தாவது நகர்வுக்குக் கிட்ட ஒரே இடத்தில் 40, 50 செக்கன் நின்றுவிடுகிறான். அந்த இடங்களைப் பார்த்தால் ஆபத்து ஒன்றும் இல்லை. யானையை டி வரிசைக்குக் கொண்டு போவதா, ஈ வரிசைக்குக் கொண்டு போவதா என்ற மாதிரி இடம். இரண்டும் நல்ல நகர்வு. நல்லது இரண்டில் எது கூட நல்லது என்று தேடி ஒரு நிமிடத்தைக் கொடுத்துவிட்டு, கடைசியில் மேட் வைக்கப் பத்துச் செக்கன் இல்லாமல் தோற்கிறான்.

இதற்குப் பொட்வின்னிக்கிடமே மருந்து இருக்கிறது. எப்போதும் நேர நெருக்கடியில் மாட்டுகிறவர்கள் சில பயிற்சி ஆட்டங்களை வெற்றி தோல்வியையே பார்க்காமல், கடிகாரத்தை மட்டும் கவனித்து விளையாட வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. அந்த மாணவனுக்கு நான் கொடுத்த பயிற்சியும் அதுதான். இருபதாவது நகர்வு வரும்போது பாதி நேரம் கையில் இருக்க வேண்டும். இருந்தால் தோற்றாலும் சரி என்று கொப்பியில் அடையாளம் போடு. இல்லாவிட்டால் வென்றாலும் பிழை. முதல் வாரம் ரேட்டிங் இறங்கியது, முகமும் இறங்கியது. மூன்றாவது வாரத்தில் பழைய இடத்துக்கு வந்து, பிறகு தாண்டியது.

அதோடு 3 நிமிட ஆட்டத்தைவிட்டு, ஒவ்வொரு நகர்வுக்கும் செக்கன் கூடும் ஆட்டத்துக்கு மாறச் சொன்னேன். 3 நிமிடத்தோடு நகர்வுக்கு 2 செக்கன் கூடினால், 40 நகர்வுக்கு 80 செக்கன் மேலதிகமாகக் கிடைக்கும். நகர்வுக்கு ஆறரைச் செக்கன் வரும். 5 நிமிடத்தோடு 3 செக்கன் என்றால் பத்தரைச் செக்கன். இந்தக் கூடும் கடிகாரத்துக்கு 1988இல் காப்புரிமை கேட்டவர் பொபி பிஷர். 1992இல் ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அந்தக் கடிகாரத்தில்தான் விளையாடினார். வென்ற ஆட்டத்தைக் கடிகாரத்தால் தோற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். உலக பிளிட்ஸ் சம்பியன்ஷிப்பே 3 நிமிடம், 2 செக்கன் கூடுதலில்தான் நடக்கிறது. உலக சம்பியனுக்கு அந்த இரண்டு செக்கன் தேவையென்றால் தரம் 9 பிள்ளைக்குத் தேவையில்லையா? ஒரு நிமிட புல்லட் ஆட்டத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதில் பயிற்சி பெறுவது விரல்.

சும்மா நிற்கும் காயைப் பறிகொடுப்பது அடுத்த நோய். இதற்கு நீண்ட யோசனை தேவையில்லை, நகர்வை வைக்கும் முன் ஒரு கேள்வி போதும்: எதிரி இப்போது வைத்த காய் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? நமது பிள்ளைகள் எதிரி நகர்த்தும்போது தங்கள் திட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிரி என்ன செய்தார் என்பதே கண்ணில் படாது. நாலரைச் செக்கனில் ஒரு செக்கனை இந்தக் கேள்விக்குக் கொடுத்தால் பாதிப் பறிகொடுப்பு குறையும்.

தரம் 8 மாணவி ஒருவருடைய கொப்பி என்னை ஆச்சரியப்படுத்தியது. ராணியிடமோ யானையிடமோ அவர் ஏமாறுவதே இல்லை. குதிரையிடம் மட்டும்தான். எதிரியின் குதிரை சி7 கட்டத்தில் வந்து இறங்கும், ராஜாவுக்கு செக், மூலையில் இருக்கும் யானையும் போகும். ஆறு ஏழு ஆட்டத்தில் இதே கதை. குதிரை நேராகப் போகாத காய் என்பதால் கண் அதைத் தொடர்வது கஷ்டம்தான். லிசெஸில் பசில்களைத் தலைப்பு வாரியாக எடுக்கலாம். ஒரே காய் இரண்டைத் தாக்கும் ஃபோர்க், கடைசி வரிசையில் விழும் மேட், சும்மா நிற்கும் காய் என்று தனித்தனியாக இருக்கும். பத்து நாளைக்கு ஃபோர்க் மட்டும் செய்யச் சொன்னேன், நாளைக்குப் பதினைந்து. இப்போது அந்தக் குதிரைகளால் மற்றவர்களை அவர் மாட்டுகிறார். கடைசி வரிசை மேட்டுக்கு மருந்து இன்னும் இலகு. நேரம் இருக்கும்போது ராஜாவுக்கு முன்னால் எச் வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஒரு ஜன்னல் திறந்து வையுங்கள்.

இந்த மாணவியைப் பற்றி எழுதும்போது ஒன்று சொல்லாமல் போக முடியாது. பையன்கள் கடற்கரையில், கடைத்தெருவில், எங்கும் போர்டு போட்டு விளையாடுவார்கள். நமது பெண் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வீட்டுக்குள் எதிராளி கிடையாது. ஒன்லைன் செஸ்தான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே போர்டு. முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் போடுவார்களே என்ற பெற்றோரின் பயம் நியாயமானது. லிசெஸ் செட்டிங்கில் சிறுவர் பயன்முறை என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் உரையாடலும் மெசேஜும் நின்றுவிடும், ஆட்டம் மட்டும் நடக்கும். போனைப் பறிக்கும் முன் அதைச் செய்து பாருங்கள்.

இனி, கொப்பியில் பிள்ளைகள் எழுத விரும்பாத நோய். கோபம். ஒரு ஆட்டம் தோற்றதும் உடனே "புதிய எதிராளி" பொத்தானை அழுத்துவது. அதிலும் தோற்றால் இன்னும் வேகமாக அழுத்துவது. "ஒன்று வென்றுவிட்டுப் படுக்கிறேன்" என்று தொடங்கி, இரவு இரண்டு மணிக்கு நூற்றைம்பது புள்ளி இறங்கிய பிறகு போனைக் கட்டிலில் எறிவது. நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து சஹர் வரைக்கும் இதுதான் நடக்கிறது என்று வீடுகளில் சொல்கிறார்கள். இருபது தோல்வியின் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். எத்தனை தோல்வி இரவு பதினொரு மணிக்குப் பிறகு வந்தது, எத்தனை தோல்வி முந்தைய தோல்வி முடிந்து ஒரு நிமிடத்துக்குள் வந்தது என்று அப்போது தெரியும். சில பிள்ளைகளுக்கு முழு நோயும் அதுவேதான். ஓப்பனிங்கும் சரி, பசிலும் சரி, தூக்கமும் கோபமும்தான் தோற்கடிக்கின்றன.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு தோல்வி தொடர்ந்து வந்தால் அன்றைக்கு நிறுத்து என்பதுதான் சட்டம். ரேட்டிங் எண்ணைப் பார்க்கப் பார்க்கத்தான் சூடு ஏறுகிறது என்றால் லிசெஸில் அந்த எண்ணையே மறைத்துவிட்டு விளையாடலாம். ஒரு மாதம் மறைத்து வையுங்கள். கையும் நெஞ்சும் எவ்வளவு அமைதியாகிறது என்று பாருங்கள்.

கோபத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவு இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். தோற்றுத் தோற்று வெறுத்த பிள்ளை, இன்னொரு போனில் இன்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு அது சொல்லும் நகர்வை வைக்கத் தொடங்குகிறது. நமதூரிலும் நடந்திருக்கிறது. யார் என்று சொல்ல மாட்டேன், யாரும் கொமண்டில் ஊகிக்கவும் வேண்டாம். தளங்கள் இதைக் கண்டுபிடிக்கும், கணக்கு மூடப்படும் அல்லது முத்திரை குத்தப்படும். அது சிறிய தண்டனை. எதிர்ப்பக்கத்தில் எங்கோ ஒரு பிள்ளை தன் நேரத்தைச் செலவழித்து நேர்மையாக விளையாடிக்கொண்டிருக்கிறது. அதன் அமானிதத்தில் கை வைக்கிறோம். சோதனை மண்டபத்தில் துண்டு வைத்து எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளையிடம் கேளுங்கள். "சும்மா கேம்தானே" என்று பதில் வந்தால் அன்றைக்கே போனை வாங்கி வைக்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

ஓப்பனிங் பற்றி ஒரு வரி. வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு, அவ்வளவு போதும், ஒரு வருடம் மாற்றாதீர்கள். எண்ட்கேமில் கட்டாயம் கண்ணை மூடிக்கொண்டு வைக்கத் தெரிய வேண்டியவை இரண்டு: ராணியும் ராஜாவும் சேர்ந்து தனி ராஜாவை மேட் வைப்பது, யானையும் ராஜாவும் சேர்ந்து வைப்பது. சரியாக விளையாடினால் முதலாவது எந்த நிலையிலிருந்தும் பத்து நகர்வைத் தாண்டாது, இரண்டாவது பதினாறைத் தாண்டாது. நகர்வுக்கு ஒரு செக்கன் என்றாலும் இருபது செக்கனுக்குள் முடித்துவிடலாம். இது தெரியாததால் முழு யானையோடு நேரம் முடிந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். எதிரியிடம் தனி ராஜா மட்டும் இருக்கும்போது உங்கள் நேரம் முடிந்தால் அது தோல்வி இல்லை, சமநிலை. அதையும் தெரிந்துவைத்தால் பதற்றம் குறையும்.

போனில் மட்டும் விளையாடும் பிள்ளை வலய மட்டப் போட்டிக்குப் போகும்போது வேறு சங்கடங்கள் வரும். போனில் ராஜாவுக்குச் செக் இருக்கும்போது வேறு காயை நகர்த்த விடாது. போர்டில் விடும், எதிராளி கை தூக்குவார், நடுவர் வருவார். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். போனில் ஆயிரம் ஆட்டம் விளையாடிய பிள்ளைக்கு இது எதுவும் கையில் வந்திருக்காது. கண்ணுக்கும் படம் மாறிவிடும், தட்டையான திரையில் தெரிந்த குதிரை மேசையில் நிற்கும்போது தெரியாமல் போகும். கிழமைக்கு ஒரு நாளாவது உண்மையான போர்டில் விளையாட வேண்டும்.

வேக ஆட்டம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும், அறவே கூடாது என்று சொல்லும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆழமாக யோசிக்கப் பழகுவது நீண்ட ஆட்டத்தில்தான். ஆனால் இரண்டு மணித்தியாலம் சத்தமில்லாத ஒரு அறை நமது எத்தனை வீட்டில் இருக்கிறது? பாடசாலை, பின்னேரம் டியூஷன், மஃரிபுக்குப் பிறகு ஓதல். மிஞ்சும் அரை மணித்தியாலத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது வேக ஆட்டம்தான். அதைப் பறிப்பதைவிட அந்த அரை மணித்தியாலத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். முதல் பாதியில் இரண்டு ஆட்டம். மற்றப் பாதியில் அதில் தோற்றதைத் திறந்து பார்ப்பது, கொப்பியில் எழுதுவது. முப்பது ஆட்டம் விளையாடும் பிள்ளையைவிட இந்தப் பிள்ளை முன்னே போகும் என்று தைரியமாகச் சொல்கிறேன். போனும் வீட்டில் அரை மணித்தியாலத்தில் கீழே வரும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டத்தின் நடுவில் போனைப் பறிக்காதீர்கள், பிள்ளையின் மனதில் அது அநியாயமாகவே பதியும். செஸ் தெரியாத வாப்பாவும் உம்மாவும் கூடச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இரவுச் சாப்பாட்டில், "இன்றைக்கு எத்தனை வென்றாய்?" என்று கேட்காமல், "இன்றைக்கு எதனால் தோற்றாய்?" என்று கேளுங்கள். "நெட் போய்விட்டது" என்று முதல் நாள் சொல்வான். இரண்டாம் நாளும் அதையே சொல்வான். மூன்றாம் நாள் யோசித்துவிட்டு வேறொன்று சொல்வான்.

இன்ஷா அல்லாஹ், வருகின்ற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நமது பாடசாலை நூலக அறையில் இருப்பேன். தரம் 6இலிருந்து உயர்தரம் வரை யாரும் வரலாம், பெண் பிள்ளைகள் உம்மாவோடு அல்லது ராத்தாவோடு வரலாம். கடைசியாகத் தோற்ற இருபது ஆட்டங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். போன் கொண்டுவர வேண்டாம். போர்டு நாலு இருக்கிறது, செஸ் கடிகாரம் ஒன்றுதான். யாருடைய வீட்டிலாவது சும்மா கிடந்தால் கொண்டுவந்து தாருங்கள்.